வியாழக்கிழமை லத்தீன்

ஜனவரி 14

குட்டிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இடுப்பு வலிக்கு நாற்காலியில் தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னேனே, வைத்தாயா? இல்லை, பல் கிளினிக்குக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டாயா?

போனில் கூப்பிட்டாய் என்று கீழ்வீட்டு அம்மா சொன்னார். அது வேண்டாம். என் இடது காது சுத்தமாகப் படுத்துவிட்டது. போனில் யார் பேசினாலும் தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. நீ எழுது, நானும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி மருந்து கவுன்ட்டரிலிருந்து ரிடையர் ஆன பிறகு பொழுதுதான் என்னிடம் கொட்டிக் கிடக்கிறதே.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நான் லத்தீன் படிக்கிறேன். நூலக மாடியில் வியாழக்கிழமை சாயந்திரம் வகுப்பு. சாப்பாட்டுக்கு முன், பின், தூங்கப் போகும்போது என்று டாக்டர்கள் சீட்டில் கிறுக்குவதெல்லாம் லத்தீன் சொல்லின் வால் என்று தெரியும். முழு மாடும் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. போனால் அங்கே மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. காதல், ஆசை, மனுஷ சுபாவம் இவற்றைப் பற்றி அந்தக் காலத்தவர்கள் சொல்லிவைத்த வரிகளாம். வாரம் ஒன்று. டீச்சர் உன்னைவிடச் சின்னவள். "எழுதினவங்க செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு, அதனால யாரும் வெட்கப்படாம படிக்கலாம்" என்றாள்.

வெட்கப்படாமல் எங்கே படிப்பது? முதல் நாள் முதல் வினைச்சொல்லே நேசிப்பது. நான் நேசிக்கிறேன், நீ நேசிக்கிறாய், அவர் நேசிக்கிறார் என்று எல்லோரும் சத்தம் போட்டு ஒப்பிக்க வேண்டும். இத்தனை வயதுக்கு நான் இதை எந்தப் பாஷையிலும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாயை மட்டும் அசைத்தேன்.

பக்கத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். பழைய கட்டடம் ஒன்றின் வாசலுக்கு மேல் லத்தீனில் ஏதோ செதுக்கியிருக்கிறதாம். அங்கே லிஃப்ட் பழுது பார்க்கப் போகும்போதெல்லாம் 'எச்சில் துப்பாதீர்' மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொள்வாராம். அவர் அதைத் தாளில் எழுதிக் காட்ட, டீச்சர் பார்த்துவிட்டு, அது காதல் எதையும் ஜெயிப்பதைப் பற்றியது என்றாள். "அடப்பாவி, அதுக்கு அடியிலயா நான் இத்தனை வருஷம் கிரீஸ் டப்பாவை வச்சேன்" என்றார். வகுப்பே சிரித்தது. ஒப்பிக்கும்போது அவரும் வாயை மட்டும்தான் அசைத்தார் என்பதை நான் பார்த்தேன்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் காதுக்கு டாக்டரைப் பார்த்தாயா? மருந்து கொடுத்தே காலம் கழித்தவள் நீ, உனக்கு ஒரு மருந்து வாங்கிக்கொள்ளத் தெரியாது.

தலையணை வைத்தேன். எங்கள் பல் டாக்டர் பார்த்துவிட்டு, ரிசப்ஷனில் உட்கார்ந்துகொண்டு தூங்கப் போகிறாயா என்றார். எடுத்துவிட்டேன்.

லத்தீன் பற்றிப் படித்துச் சிரிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நம் வீட்டில் அந்தச் சொல்லை யார் எப்போது சொல்லியிருக்கிறார்கள்? அம்மா போன பிறகு நீ எனக்குத் தலை வாரி, சாப்பாடு கட்டி, ஸ்கூலுக்கு அனுப்பி, கல்யாணம் வரைக்கும் செய்து முடித்தாய். ஒரு நாளாவது வாயால் சொன்னாயா? சோறு போட்டுத்தான் சொன்னாய்.

லிஃப்ட்காரரைப் பற்றி விடாமல் எழுது. இங்கே சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இவர் நலம். ஆபீஸ், பேப்பர், தூக்கம்.

உன் தங்கை


பிப்ரவரி 16

குட்டிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மாப்பிள்ளைக்கு வயிறு சரியாக இருக்கிறதா? அவருக்கு வெயில் ஆகாது.

லத்தீன் நம் பாஷை மாதிரியே. நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, சொல்லின் கடைசியிலேயே ஆள் ஒட்டிக்கொண்டு வருகிறான். நேசிக்கிறேன் என்றாலே அதற்குள் நான் இருக்கிறேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் வகுப்பில் கெட்டிக்காரி.

இந்த வாரத்து வரி, விரும்புகிறவர்கள் சண்டை போட்டுக்கொண்டு மறுபடி சேர்வதைப் பற்றியது. அது போகட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

டீச்சர் இரண்டிரண்டு பேராக எதிர் எதிரே நிற்க வைத்தாள். ஒருவர் நேசிக்கிறேன் என்று சொல்ல வேண்டும், மற்றவர் நேசிக்கிறாய் என்று பதில் சொல்ல வேண்டும். எனக்கு லிஃப்ட்காரர் வந்தார். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. வலது காதைத் திருப்பி, "இன்னொரு தடவை" என்றேன். மறுபடி சொன்னார். கேட்டது. ஆனாலும் குட்டி, கேட்காத மாதிரி இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் போனால் அவர் என் வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை, இடம் மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். வகுப்புக்கு வருகிற அன்று நக இடுக்கில் கிரீஸ் போக எதையோ வைத்துத் தேய்க்கிறார். விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். பாடத்தை லிஃப்ட் குழிக்குள் நின்று சொல்லிப் பார்ப்பாராம், அங்கே குரல் எடுப்பாக இருக்கிறதாம்.

வகுப்பு விட்டு பஸ் ஸ்டாப் வரை சேர்ந்து நடக்கிறோம். மனைவி போனதிலிருந்து அவர் உட்கார்ந்து சாப்பிட்டதில்லையாம். அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே, பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டுவிடுவாராம். தட்டு வைத்து உட்கார்ந்தால் எதிரே இருக்கிற நாற்காலி தெரிகிறதாம். ஒரே மகன், வெளியூரில் இருக்கிறான். அவனுக்குக்கூட இது தெரியாதாம்.

எனக்கு இந்த வயதில் இதெல்லாம் என்ன என்று கேட்காதே. நானே கேட்டுக்கொண்டாகிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்கிறது, ஆனாலும் வியாழக்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது. உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். காது டாக்டரைப் பார்த்தாயா, இல்லையா? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே.

உன் கடிதம் வந்த சமயம் வீட்டில் விருந்து. டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நர்ஸும் அவள் புருஷனும் வந்தார்கள். அந்தப் பையன் வாயே திறக்கவில்லை. தலைவலி என்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான். மற்றபடி ரொம்ப நாளைக்குப் பிறகு வீடு கலகலவென்று இருந்தது. இவர்கூட அன்றைக்கு நல்ல உற்சாகம்.

உன் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தோம், அக்கா. நீ எழுத்தாளராகப் போயிருக்கலாம். நின்றுகொண்டே சாப்பிடுகிறவர் எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டார். அடுத்த கடிதம் எப்போது?

உன் தங்கை


மார்ச் 15

குட்டிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

சிரித்தோம் என்று எழுதியிருக்கிறாய். யார் யார்?

லிஃப்ட்காரர் இப்போது வகுப்புக்கு வருவதில்லை. என் வலது பக்கத்து நாற்காலி காலி. உடம்புக்கு என்னவோ என்று நினைக்கிறேன். அவர் வீடு எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டால் நன்றாக இருக்காதே என்று இருந்துவிட்டேன்.

ஆசைப்படுகிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததை எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறார்கள் என்பதைப் பற்றி இந்த வார வரி. டீச்சர் என்னை மொழிபெயர்க்கச் சொன்னாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கிளினிக்கில் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், எல்லாப் பொருளையும் இடம் மாற்றி வைத்து உயிர் போகிறது. நாங்கள் நலம்.

நீ கேட்டாயே, நானும் இவரும்தான் சிரித்தோம். வேறு யார்?

அந்த மனிதருக்குச் சளிக்காய்ச்சலாக இருக்கும். இல்லை, லத்தீன் அலுத்துப் போயிருக்கும். ஆண்களுக்கு எதுவும் ரொம்ப நாள் தாங்காது. நீ இதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. யோசித்துப் பார்த்தால் இதுவும் நல்லதுக்குத்தான் என்று தோன்றுகிறது. இந்த வயதில் எதற்கு?

புது நர்ஸ் இப்போது என்னோடு பேசுவதில்லை. அது அவள் சுபாவம்.

வெயிலில் அலையாதே. காது டாக்டரைப் பார்.

உன் தங்கை


மே 3

குட்டிக்கு,

நான் நலம். நீ நலமா?

அந்தப் பழைய கட்டடத்துக்கே போனேன். வேறு இடம் தெரியாது. லிஃப்ட் மேலே நின்றிருந்தது. கீழே குழிக்குள்ளிருந்து அவர் தலை மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கும் என் வலது பக்கமாகத்தான் வந்து நின்றார்.

"உடம்புக்கு முடியலையா?" என்றேன்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன் வரலை?"

துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "என் பையன் போன் பண்ணான். மருமக வேலை பாக்குற இடத்துல யாரோ விருந்துக்குக் கூப்பிட்டாங்களாம். அந்த வீட்டு அம்மா அவங்க அக்காகிட்டேர்ந்து வந்த லெட்டரைப் படிச்சுக் காட்டினாங்களாம். லிஃப்ட் மெக்கானிக், லத்தீன் படிக்கிறார், குழிக்குள்ள நின்னு பாடம் சொல்றார்னா வேற யாரு? நான் நின்னுகிட்டுச் சாப்பிடறதை அந்த வீட்டுக்காரர் எழுந்து நின்னு நடிச்சுக் காட்டினாராம். எல்லாரும் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாங்களாம். பையனுக்கு வாயில வச்ச சோறு இறங்கலை."

அவரே தொடர்ந்தார். "அப்பா, அங்க தனியா இருந்தது போதும், வந்துருங்கன்னு சொல்றான். மாசக் கடைசியில போறேன்."

"எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும். உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்."

இதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, வாசல்வரை என்னோடு வந்து, படியில் எண்ணெய் சிந்தியிருக்கிறது, பார்த்துப் போங்கள் என்றார்.

வாய்விட்டுப் படித்தது நீ. நடித்துக் காட்டியது மாப்பிள்ளை. ஆனால் அவர் தன் வீட்டு அடுப்படியைத் திறந்து காட்டியது எனக்கு. அதைத் தாளில் எழுதி, தபால்தலை ஒட்டி வெளியே அனுப்பியது நான். அப்போது எனக்கு அது அவருடையது என்று தோன்றவே இல்லை. எனக்குக் கிடைத்த சந்தோஷம் என்றுதான் தோன்றியது.

நேற்று வகுப்பில் மனுஷ சுபாவத்தைப் பற்றி ஒரு வரி. தான் யாரை நோகடித்தானோ அவரையே ஒருவன் பிறகு வெறுக்க ஆரம்பிப்பதைப் பற்றியது. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு விளங்கவில்லை. அவரை நான் நோகடித்தேன். அவர்மேல் எனக்கு வெறுப்பு வரவில்லையே.

அக்கா


மே 8

அக்காவுக்கு,

நலம்.

என்னவோ நான் தெருவில் தண்டோரா போட்ட மாதிரி எழுதியிருக்கிறாய். என் வீட்டில், என் மேஜையில், நாலு பேர் சிரித்தார்கள். அவன் அந்த ஆளின் மகன் என்று என் கனவிலா தெரியும்? உலகத்தில் எத்தனையோ பல் கிளினிக் இருக்க, அவள் இங்கே வந்து சேர்ந்தால் அதற்கு நான் என்ன செய்ய?

ரகசியம் என்றால் எழுதியிருக்கக் கூடாது. படித்தால் சிரிப்பு வருகிற மாதிரி எழுதினது நீதான். ஐம்பத்தெட்டு வயதில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

உனக்கென்று ஒரு வாழ்க்கை அமையாமல் போனதற்கு நான் காரணம் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாமலே சொல்லிக்கொண்டிருக்கிறாய். நான் உன்னை வளர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை.

தங்கை


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போன கடிதத்தில் கோபத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். தபால் பெட்டிக்குள் போட்டதுமே கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தேன், விரல் நுனிதான் உள்ளே போயிற்று. மன்னித்துவிடு.

கீழ்வீட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். நீ சௌக்கியம், காய்கறி வாங்கப் போயிருக்கிறாய் என்றார். அதுவரை நிம்மதி.

உன் தங்கை


செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதற்கும் நீ பதில் எழுதாவிட்டால் நியாயம்தான் என்று எடுத்துக்கொள்வேன்.

ஜூலையில் நர்ஸ் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் புருஷன்தான் வந்தான். அவன் அப்பா இன்னும் இங்கே வந்து சேரவில்லை. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே, "நான் செஞ்சது ரொம்பத் தப்பு" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "நீங்க படிச்சதாலதான் எனக்கே தெரிஞ்சுது. அப்பா நின்னுகிட்டு சாப்பிடறார்னு. மூணு வருஷமா. வாராவாரம் போன்ல சாப்டீங்களான்னு கேட்டிருக்கேன். சாப்டேன்னுவார். அதோட வச்சிருவேன். உங்களைத் திட்டறதுக்கு எனக்கு எங்க வாய் இருக்கு?"

"அவரை இங்க கூப்பிட்டுக்கறது உங்க இஷ்டம். ஆனா அங்க அவர் உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் வந்துகிட்டிருந்தது. அதைக் கெடுத்தது நான்" என்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

மே மாதம் நீ எழுதின அந்த லத்தீன் வரி எனக்காக எழுதின மாதிரி இருக்கிறது, அக்கா. உன்னை நோகடித்த பிறகு எனக்கு உன்மேல் வந்த வெறுப்பு எனக்கே பயமாக இருந்தது. நீ அனுப்பின போர்வையைக்கூடப் பார்க்கப் பிடிக்காமல் பரண்மேல் போட்டேன்.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு ஏன் படித்தேன் என்று. டாக்டர் ஏதோ ஜோக் சொல்லி முடித்திருந்தார். நான், எங்க அக்கா லெட்டரைக் கேளுங்க என்று எடுத்தேன். முதல் பக்கத்திலேயே இவர் சிரித்துவிட்டார். பேப்பர் இல்லாமல், டிவி இல்லாமல், என்னைப் பார்த்துச் சிரித்தார். இவர் என் முகத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை. நாங்கள் சண்டை போடுவதுகூட இல்லை. தனித்தனி அறையில் படுக்கிறோம், இவருடைய குறட்டைக்காக என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இவர் குறட்டை விடுவதில்லை.

அதனால் நிறுத்த மனம் வரவில்லை. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று போனேன். நின்றுகொண்டே சாப்பிடுகிற இடம் வந்தபோது படிக்கக் கூடாது என்று தெரிந்தது. தெரிந்தேதான் படித்தேன். இவர் எழுந்து நடித்துக் காட்டிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று என் பக்கம் பார்த்தார். நான் சிரித்தேன்.

நீ வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்ததைப் படித்தபோது எனக்கு வந்தது சிரிப்பே இல்லை, அக்கா. பொறாமை.

உன் தங்கை


அக்டோபர் 2

என் குட்டிக்கு,

நான் சௌக்கியம். காது டாக்டரைப் பார்த்தேன். இடது காது அவ்வளவுதானாம். வலது காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார், ராத்திரி தூங்கப் போகும்போது என்று சீட்டில் கிறுக்கியிருந்தார். அந்த வார்த்தையை முழுசாகப் படித்துக் காட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மே மாதக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தது வீம்பு அல்ல. நீ எழுதினதில் ஒரு வரி சரியாக இருந்தது. உன்னை வளர்த்ததை நான் எங்கேயோ ஒரு மூலையில் உன் பேரில் பற்று எழுதித்தான் வைத்திருந்தேன் போல. அதைப் பார்க்க எனக்கு அத்தனை நாள் ஆயிற்று. அவமானமாக இருந்தது. அந்த முகத்தோடு உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

லிஃப்ட்காரர் ஊரைவிட்டுப் போகவில்லை. மகன் இங்கே வந்து சில நாள் அவரோடு இருந்துவிட்டுப் போனான். வகுப்புக்கு அவர் வருவதில்லை, இனி வர மாட்டார். அவர் நலம். அவரைப் பற்றி இதற்கு மேல் நான் யாருக்கும் எழுத மாட்டேன், உனக்கும் எழுத மாட்டேன். இதைத் தண்டனை என்று நினைக்காதே. சொல்ல அது என்னுடையது மட்டும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். நம் அம்மா போன வீட்டில் உன்னைப் பார்த்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பு வலியைக் கேட்டேன், சளியைக் கேட்டேன், மாப்பிள்ளை வயிற்றைக்கூடக் கேட்டேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் நலம், நலம் என்று எழுதினாய். நானும் பெரிய மனுஷி மாதிரி அதை நம்பி, அடுத்த வரியில் என் கதைக்குப் போய்விட்டேன்.

கோபம் இருந்தது. கொஞ்சம் இன்னும் இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், அது இருக்கிறபோதே நீ வரலாம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாய். தனியாக வா. இரண்டு தட்டு வைக்கிறேன். என் வலது பக்கம் உட்கார்ந்துகொள், இல்லாவிட்டால் எனக்குக் கேட்காது.

அதற்கு முன்னால் ஒரு பதில் எழுது. நீ எப்படி இருக்கிறாய், குட்டி?

அக்கா